ஏஆர்-15 சரியாக ஓடவில்லையா? கேஸ், பஃபர் கோளாறுகளை அறிகுறி வைத்துப் பிடிக்கும் வழி

ஏஆர்-15 துப்பாக்கி சிக்குகிறது என்று என்னிடம் கொண்டு வருகிறவர்களில் பெரும்பாலானோர் ஏற்கெனவே எதையாவது வாங்கி மாட்டிவிட்டுத்தான் வருகிறார்கள். கனமான பஃபர் (போல்ட்டுக்குப் பின்னால் ஸ்பிரிங்கோடு நகரும் எடை), விலை கூடிய ஸ்பிரிங், திருகி மாற்றும் கேஸ் பிளாக் (குழலின் துளையிலிருந்து கேஸை வாங்கும் பாகம்) என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டிருப்பார்கள். எதனால் சிக்கியது, எதனால் சரியானது, எதனால் திரும்பவும் கெட்டது என்று அவர்களுக்கே தெரியாது. அந்த நிலைக்குப் போகாமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவில் சட்டப்படி வாங்கிய, 5.56 நேட்டோ அல்லது .223 ரெமிங்டன் தோட்டா போடும், கேஸ் ட்யூப் (சுடும்போது வரும் கேஸைப் பின்னால் கொண்டுபோய் போல்ட்டை ஓட்டும் குழாய்) வைத்த சாதாரண ஏஆர்-15-க்கு மட்டும் இது பொருந்தும். பிஸ்டன் வைத்தது, 9 மில்லிமீட்டர் தோட்டா போடுவது, ஏஆர்-10 ஆகியவற்றுக்கு அளவுகள் வேறு. இங்கே சொல்லும் எண்களை அங்கே கொண்டுபோய்ப் பொருத்த வேண்டாம்.

ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். மாற்றியதைக் குறித்து வையுங்கள். இந்த ஒன்றைக் கடைப்பிடித்தாலே பாதி வேலை முடிந்தது.

## தொடங்கும் முன்

மேகசினைக் கழற்றுங்கள். சார்ஜிங் ஹேண்டிலை (கையால் இழுக்கும் பின்கைப்பிடி) இழுத்து, போல்ட்டைப் (சேம்பரை மூடித் திறக்கும் பாகம்) பின்னால் நிறுத்துங்கள். சேம்பரை (குழலில் தோட்டா உட்காரும் அறை) கண்ணாலும் பாருங்கள், விரலாலும் தொட்டுப் பாருங்கள். வேலை மேசையில் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது. சுட்டுப் பார்க்கும் சோதனைகள் எல்லாம் ரேஞ்சில்தான், கண்ணுக்கும் காதுக்கும் பாதுகாப்புடன்.

சுடும்போது சத்தம் வழக்கத்தைவிட மெதுவாக, 'பொப்' என்று மட்டும் கேட்டாலோ உதை இல்லாமல் போனாலோ உடனே நிறுத்துங்கள். குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். அப்போது போல்ட் ஓடாமல் நின்றதைப் பார்த்து "கேஸ் பத்தவில்லை" என்று நினைத்து, கையால் இழுத்து அடுத்ததை ஏற்றிச் சுடுவதுதான் இந்த வேலையிலேயே மிக ஆபத்தான தவறு. மேல்பாகத்தைக் கழற்றி, குழலின் உள்ளே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம்.

விசையை அழுத்தியும் வெடிக்கவில்லை என்றால், குழலை இலக்கின் பக்கமே வைத்தபடி 30 விநாடி காத்திருந்து பிறகு தோட்டாவை எடுங்கள்.

## எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இந்த இரண்டைச் செய்யுங்கள்

முதலாவது, ஒற்றைத் தோட்டாச் சோதனை. மேகசினில் ஒரே ஒரு தோட்டா போட்டு, ஏற்றி, சுடுங்கள். மேகசின் காலியாகிவிட்டதால் போல்ட் பின்னால் போய் அங்கேயே நிற்க வேண்டும். 5 முறை செய்யுங்கள், வேறு மேகசினிலும் செய்யுங்கள். ஐந்தும் நின்றால் போல்ட் போதுமான தூரம் பின்னால் போகிறது என்று பொருள்.

இரண்டாவது, வெற்றுக்கூடு எங்கே விழுகிறது என்று பார்ப்பது. துப்பாக்கியை மேலிருந்து பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். குழலின் நுனி கடிகாரத்தில் 12 மணி, வலப்பக்கம் 3 மணி. கூடு 3 மணிக்கும் நாலரைக்கும் இடையே போய் ஓரளவு ஒரே இடத்தில் விழுந்தால் நல்லது. 1 மணி, 2 மணி என்று முன்னால் பறந்தால் போல்ட் வேகம் அதிகம், கேஸ் கூடுதல் என்று சந்தேகிக்கலாம். 5 மணிக்கு மேல், சுடுபவரின் தோளுக்குப் பின்னால் சோம்பலாக விழுந்தால் கேஸ் குறைவு.

இந்தக் கடிகாரத்தை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். கூட்டை வெளியே எறியும் எஜெக்டரின் ஸ்பிரிங் புதிதா பழசா, கூட்டின் விளிம்பைப் பிடித்து இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் எவ்வளவு இறுக்கம் என்பதைப் பொறுத்தும் திசை மாறும். நன்றாக ஓடுகிற துப்பாக்கி 2 மணிக்கு எறிந்தால் அதை அப்படியே விட்டுவிடுங்கள். கூடு விழும் இடத்தை அழகாக்குவதற்காக யாரும் பஃபர் மாற்ற வேண்டியதில்லை.

## அறிகுறி: ஒவ்வொரு தடவையும் கையால் இழுக்க வேண்டியிருக்கிறது

சுட்டதும் போல்ட் அசையவே இல்லை, அல்லது கூடு பாதி வெளியே வந்து நிற்கிறது. அதாவது கேஸ் ஏறக்குறைய வரவே இல்லை. இதற்குப் பஃபரைத் தொடாதீர்கள், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

துப்பாக்கி புதிது, அல்லது நீங்களே சேர்த்தது என்றால்: கேஸ் பிளாக், குழலில் கேஸ் வெளியேறும் துளைக்கு நேராக இல்லை என்பதுதான் முதல் சந்தேகம். திருகி மாற்றும் பிளாக் என்றால் அது மூடியே இருக்கிறதா என்றும் பாருங்கள். கடையிலிருந்து வரும்போது மூடி வருபவையும் உண்டு.

நேற்றுவரை ஓடிக்கொண்டிருந்தது என்றால்: கேஸ் ட்யூபைப் பிளாக்கோடு பிடித்துவைக்கும் சின்ன ரோல் பின் விழுந்து ட்யூப் நகர்ந்திருக்கலாம். கேஸ் பிளாக்கின் திருகு தளர்ந்திருக்கலாம். போல்ட் கேரியரின் (போல்ட்டைத் தாங்கி ஓடும் பாகம்) மேலிருக்கும் கேஸ் கீ (ட்யூபிலிருந்து கேஸை வாங்கும் குழாய்) ஆடலாம்.

ஹேண்ட்கார்டை (குழலைச் சுற்றிய கைப்பிடி உறை) கழற்றி, பிளாக்கைக் கையால் ஆட்டிப் பாருங்கள். துளியும் அசையக் கூடாது. பிளாக்கின் விளிம்பில் லேசான கரி எல்லாவற்றிலும் இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். ஒரே பக்கத்தில் பீய்ச்சியடித்தது போல் கோடாகக் கரி படிந்திருந்தால் அங்கே கசிகிறது.

திருகால் பிடிக்கும் பிளாக் என்றால் கழற்றிப் பார்க்கலாம். குழலில் துளையைச் சுற்றிக் கரி ஒரு வட்டமாகப் பதிந்திருக்கும். வட்டத்தின் நடுவில் துளை இருந்தால் சரி. துளை ஓரத்தில் ஒதுங்கி, பாதி நிலவு மாதிரி தெரிந்தால் பிளாக் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. பழைய பாணி ஹேண்ட்கார்ட் மூடிக்காகச் செய்த குழலில் அந்த மூடி இல்லாமல் பிளாக்கைப் போட்டால், அதைக் குழலின் தோள்வரை (குழல் தடிக்கும் விளிம்பு) ஒட்டித் தள்ளக் கூடாது. சுமார் 0.025 அங்குல இடைவெளி விட்டால்தான் துளை நேராகும். பலர் பிளாக்கை முழுக்கத் தள்ளி இறுக்கிவிட்டு நாள் முழுக்கத் தேடுவது இந்த இடத்தில்தான்.

பிளாக்கை டேப்பர் பின் (ஒரு முனை சிறுத்த ஊசி) அடித்துப் பிடித்திருந்தால் நீங்கள் கழற்ற வேண்டாம். அது கன்ஸ்மித் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) வேலை. சுத்தியலால் தட்டிக் குழலை வளைத்தவர்கள் இருக்கிறார்கள்.

## அறிகுறி: கூடு வெளியே போகிறது, ஆனால் அடுத்த தோட்டா ஏறவில்லை, அல்லது மேகசின் காலியானதும் போல்ட் நிற்பதில்லை

அதிகமாக வரும் புகார் இதுதான். வெறும் சேம்பர் மேல் போல்ட் மூடிக்கொள்ளும். அல்லது வெற்றுக்கூடு, அது வெளியேறும் வாசலில் செங்குத்தாக மாட்டி நிற்கும். காரணங்களை மலிவானதிலிருந்து சொல்கிறேன்.

மேகசினா, போல்ட் கேட்சா (போல்ட்டைப் பின்னால் பிடித்து நிறுத்தும் கொக்கி)? காலி மேகசினை மாட்டி, சார்ஜிங் ஹேண்டிலைக் கடைசிவரை இழுத்து விடுங்கள். போல்ட் நின்றால் மேகசினும் கேட்சும் சரி. நிற்கவில்லை என்றால் வேறு மேகசினில் பாருங்கள். அதில் நின்றால் பழைய மேகசினைத் தூக்கிப் போடுங்கள். மேகசின் செலவுப் பொருள், அதற்கு வைத்தியம் பார்ப்பது வீண். எதிலும் நிற்கவில்லை என்றால் கேட்சின் ஸ்பிரிங்கையும் அடியில் அழுக்கு சேர்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

தோட்டா. விலை குறைந்த, இரும்புக்கூடு .223 தோட்டாக்களில் பல மென்மையானவை, அதாவது வலு குறைந்தவை. அதே துப்பாக்கியில் 55 கிரெயின் எம்193 வகை 5.56 தோட்டா ஒரு பெட்டி போட்டுப் பாருங்கள். அதில் ஓடிவிட்டால் பெரிய கோளாறு இல்லை, விளிம்பில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஆனால் குழலில் ".223" என்று மட்டும் பொறித்திருந்தால் 5.56 போடக் கூடாது. அழுத்தம் மிகுந்துபோகலாம். 5.56 குழலில் .223 போடலாம், அதில் சிக்கல் இல்லை.

எண்ணெய். இந்தத் துப்பாக்கி ஈரமாக ஓட விரும்பும். கேரியர் உரசி உரசிப் பளபளப்பாகும் நான்கு தடங்கள், கேம் பின் (போல்ட்டைச் சுழற்றும் ஊசி), போல்ட்டின் கேஸ் வளையங்கள், இந்த மூன்று இடத்திலும் தொட்டால் விரலில் ஒட்டும் அளவு எண்ணெய் வேண்டும். காய்ந்து கிடக்கும் துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு கேஸ் துளையைப் பற்றிப் பேசுவது வீண். கடுங்குளிர் மாநிலத்தில் இருந்தால் கெட்டியான கிரீஸைத் துடைத்துவிட்டு மெல்லிய எண்ணெய் போடுங்கள். கோடையில் ஓடியது ஜனவரியில் மந்தமாவதற்குப் பல நேரம் இதுவே காரணம்.

கேஸ் வளையங்கள். கேரியரைக் கழற்றி, போல்ட்டை முன்னால் முழுக்க இழுத்து, போல்ட் முகம் கீழே படும்படி மேசைமேல் நிறுத்துங்கள். கையை எடுங்கள். கேரியர் தன் எடையில் தானே கீழே சரிந்து போல்ட் உள்ளே போய்விட்டால் வளையங்கள் தேய்ந்துவிட்டன. அப்படியே நின்றால் நன்றாக இருக்கின்றன. தேய்ந்திருந்தால் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள், சில டாலர்தான். வளையங்களின் இடைவெளிகள் ஒரே கோட்டில் வரக் கூடாது என்று ஒரு நம்பிக்கை உண்டு. ஓடும்போது அவை தாமாகவே சுற்றிக்கொண்டிருக்கும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

கேஸ் கீ. கேரியரின் மேலே இரண்டு திருகுகளால் பிடித்திருக்கும் குழாய். விரலால் அழுத்தி ஆட்டிப் பாருங்கள். ஆடாவிட்டாலும், அதன் அடிப்பகுதிக்கும் கேரியருக்கும் இடையே கறுப்புக் கோடு வெளியே வழிந்திருக்கிறதா என்று பளிச்சென்ற வெளிச்சத்தில் பாருங்கள். அங்கே கரி இருந்தால் கேஸ் தப்பிக்கிறது. திருகுகளின் தலையைச் சுற்றி உலோகத்தைக் கொத்தி அமுக்கி, திருகு சுற்றாதபடி பூட்டியிருக்க வேண்டும். பெயருக்கு ஒரு கீறல் போட்டு அனுப்பும் தயாரிப்புகள் இருக்கின்றன. ஒட்டும் திரவம் ஊற்றிச் சமாளிக்காதீர்கள், அந்தச் சூட்டில் சாதாரணமானது நிற்காது. புதுத் திருகு போட்டு, தயாரிப்பாளர் சொன்ன இறுக்கத்துக்கு முறுக்கி, திரும்பக் கொத்திப் பூட்ட வேண்டும். அதற்கான கருவி இல்லையென்றால் கன்ஸ்மித்திடம் கொடுங்கள், சில நிமிட வேலை.

கேஸ் ட்யூப் உரசுகிறதா? மேல்பாகத்தைத் தனியே எடுத்து, போல்ட் இல்லாத வெறும் கேரியரை உள்ளே விட்டு, மெதுவாக முன்னால் சரியுங்கள். கேஸ் கீ ட்யூபின் மேல் தடையில்லாமல் ஏற வேண்டும். தட்டுப்பட்டால் ட்யூப் கொஞ்சம் வளைந்திருக்கிறது.

பஃபரும் ஸ்பிரிங்கும். இதுவரை எந்தக் கோளாறும் கிடைக்கவில்லை என்றால்தான் இங்கே வாருங்கள். இங்கே ட்யூப் என்றால் பஃபரும் ஸ்பிரிங்கும் ஓடும் பின்குழாய், கேஸ் ட்யூப் அல்ல; கார்பைன் ரகம் குட்டை, ரைஃபிள் ரகம் நீளம். யாராவது கனமான பஃபரை மாட்டியிருக்கிறார்களா? கார்பைன் ட்யூபில் ரைஃபிள் ஸ்பிரிங் போய் உட்கார்ந்திருக்கிறதா? ஸ்பிரிங்கை வெளியே எடுத்து மேசையில் படுக்கவைத்து அளந்து பாருங்கள். கார்பைன் ஸ்பிரிங் 10 அங்குலத்துக்குச் சற்று மேலிருந்து பதினொன்றேகால் அங்குலம் வரை இருக்கும், சுமார் 37 முதல் 39 சுற்று. ரைஃபிள் ஸ்பிரிங் பதினொன்றே முக்கால் முதல் பதின்மூன்றரை அங்குலம், 41 முதல் 43 சுற்று. நீளமான ஸ்பிரிங்கைக் குட்டை ட்யூபில் போட்டால் சுற்றுகள் ஒன்றோடொன்று மோதி போல்ட் முழுத் தூரம் போகாது. ரகம் சரியாக இருந்தால் ஒரு படி இலகுவான பஃபரைப் போட்டு ஒற்றைத் தோட்டாச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

கேஸ் பிளாக். மேலே சொன்ன அதே சோதனை. பாதி மறைந்த துளையும் இந்த அறிகுறியைத்தான் தரும்.

குழலின் துளை. இவ்வளவும் சரி, எம்193-இலும் நிற்கவில்லை என்றால் துளை சிறிதாக இருக்கலாம். 20 அங்குல ராணுவக் குழலில் துளை சுமார் 0.093 அங்குலம், 14.5 அங்குல எம்4 குழலில் சுமார் 0.0625. மற்ற நீளங்களுக்கு ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஒன்று வைத்திருக்கிறார். நீங்களே துரப்பணம் எடுத்துப் பெரிதாக்காதீர்கள். எடுத்த உலோகத்தைத் திரும்ப வைக்க முடியாது. உத்தரவாதம் இருந்தால் குழல் செய்தவருக்கே அனுப்புங்கள், இல்லையென்றால் கன்ஸ்மித்.

இந்த அறிகுறிக்குள்ளேயே ஒரு பொறி இருக்கிறது. போல்ட் நிற்கவில்லை, ஆனால் கூடு 1 மணி பக்கம் வேகமாகப் பறக்கிறது என்றால் கேஸ் குறைவு இல்லை, அதிகம். மேகசின் அந்த போல்ட் கேட்சை மேலே தூக்குவதற்குள், அல்லது அடுத்த தோட்டாவை மேலே தள்ளுவதற்குள் போல்ட் திரும்பி ஓடிவிடுகிறது. இப்படிப்பட்டவருக்கு "இலகுவான பஃபர் போடு" என்று சொன்னால் இன்னும் மோசமாகும். அடுத்த அறிகுறியைப் படியுங்கள்.

## அறிகுறி: உதை கடுமையாக இருக்கிறது, கூடு முன்னால் பறக்கிறது, விளிம்பு கிழிகிறது

கடைகளில் வாங்கும் துப்பாக்கிகளில் கேஸ் குறைவானதைவிடக் கூடுதலானதுதான் அதிகம். காரணம் புரிந்துகொள்ளக்கூடியது. எந்த மலிவுத் தோட்டா போட்டாலும், எண்ணெயே காணாவிட்டாலும் ஓட வேண்டும் என்று துளையைப் பெரிதாகப் போட்டு அனுப்புகிறார்கள். குறிப்பாக 16 அங்குலக் குழலில் குட்டையான கார்பைன் கேஸ் ட்யூப் வைத்தவற்றில் இது சகஜம். அதே குழலில் அதைவிட நீளமான மிட்-லெங்த் ட்யூப் இருந்தால் ஆட்டம் மென்மையாக இருக்கும். புதிதாக வாங்குபவர்களுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

ராணுவத்துக்கும் இந்தப் பாடம் கிடைத்திருக்கிறது. 1960-களில் எம்16-க்கு வேறு வகை வெடிமருந்துக்கு மாறியபோது சுடும் வேகம் ஏறிப்போய்ச் சிக்கல்கள் பெருகின. பிறகு வந்த தீர்வுகளில் ஒன்று, உள்ளே எடைகள் நகரும் புதுப் பஃபர். இன்று நம் கையில் இருக்கும் பஃபர் அதன் வழிவந்ததுதான்.

விழுந்த கூடுகளில் ஒரு கைப்பிடி பொறுக்கி எடுத்து அடிப்பாகத்தைப் பாருங்கள். விளிம்பில் எக்ஸ்ட்ராக்டர் பிடித்த இடம் வளைந்தோ கிழிந்தோ இருக்கிறதா? எஜெக்டர் துளையின் வட்டம் பித்தளையில் பதிந்து, பக்கத்தில் பளபளவென்று தேய்த்த தடம் இருக்கிறதா? துப்பாக்கியில் வாசலுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் பித்தளை பூசினாற்போல் மஞ்சள் தடம் ஏறியிருக்கிறதா? இவை சேர்ந்து இருந்தால் போல்ட் அவசரப்படுகிறது.

இங்கே ஒரு கிளை. பிரைமர் (கூட்டின் அடியில் நடுவே இருக்கும், அடித்தால் தீப்பொறி தரும் சின்ன மூடி) தட்டையாகி விளிம்பு வரை பரவியிருந்தாலோ ஓட்டை விழுந்திருந்தாலோ இது கேஸ் பிரச்சினை மட்டும் அல்ல, தோட்டாவின் அழுத்தமே அதிகம். அந்தப் பெட்டியை மூடி வையுங்கள். நீங்களே தோட்டா நிரப்புபவர் என்றால் அந்த அளவை உடனே நிறுத்துங்கள். வேறு தோட்டாவிலும் தொடர்ந்தால் துப்பாக்கியை ஹெட்ஸ்பேஸ் (மூடிய போல்ட்டுக்கும் சேம்பருக்கும் இடையிலான அளவு) அளக்கக் கொடுங்கள், அதுவரை சுட வேண்டாம்.

பிரைமர் நன்றாக இருக்கிறது என்றால் இந்த வரிசையில் போங்கள்.

முதலில் எக்ஸ்ட்ராக்டர். விளிம்பு கிழிந்து கூடு சேம்பரிலேயே தங்கினால், சேம்பரை அதற்கான பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்துவிட்டு, எக்ஸ்ட்ராக்டரின் ஸ்பிரிங்கையும் உள்ளே இருக்கும் கறுப்பு ரப்பர் துண்டையும் மாற்றுங்கள். இது குணமாக்குமா என்றால், பாதி. கேஸ் அதிகம் என்பது அப்படியே இருக்கும்.

அடுத்து ஸ்பிரிங். அளந்து பார்த்து, மேலே சொன்ன கீழ் எல்லைக்குக் குறைந்திருந்தால் மாற்றுங்கள். பஃபரைவிட மலிவு, பஃபருக்கு முன்னால் செய்ய வேண்டியதும் இதுதான். தளர்ந்த ஸ்பிரிங்கோடு கனமான பஃபரைப் போட்டால் திரும்பி வரும்போது தள்ள வலு இருக்காது.

அதன் பிறகு பஃபர்.

### பஃபர் எடையை எப்படி ஏற்றுவது

கார்பைன் பஃபர்கள் வெளியே பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும். உள்ளே மூன்று எடைத் துண்டுகள். மூன்றும் இரும்பு என்றால் சாதாரண கார்பைன், சுமார் 3 அவுன்ஸ், அதாவது 85 கிராம். ஒன்று டங்ஸ்டன் என்றால் எச், 3.8 அவுன்ஸ், 108 கிராம் அளவு. இரண்டு டங்ஸ்டன் எச்2, சுமார் 4.6 அவுன்ஸ், 130 கிராம். மூன்றும் டங்ஸ்டன் எச்3, சுமார் 5.4 அவுன்ஸ், 153 கிராம். ரைஃபிள் பஃபர் நீளமானது, 5 அவுன்ஸுக்குக் கொஞ்சம் மேல், அது ரைஃபிள் ட்யூபுக்கு மட்டும்.

மேலே பொறித்த எழுத்தை நம்பாமல் சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். எழுத்தே இல்லாதவையும் வரும். காதருகே ஆட்டினால் உள்ளே எடைகள் 'டக் டக்' என்று நகர வேண்டும். போல்ட் மூடும்போது துள்ளாமல் அமுக்குவது அந்த நகர்வுதான்.

ஒரு படி ஏற்றுங்கள், ஒற்றைத் தோட்டாச் சோதனை. நின்றால் அடுத்த படி. நீங்கள் போடுவதிலேயே மென்மையான தோட்டாவில், துப்பாக்கி அழுக்காக இருக்கும்போதும் போல்ட்டை நிறுத்துகிற மிகக் கனமான பஃபர் எதுவோ அதுதான் உங்களுடையது. துடைத்துவைத்த துப்பாக்கியில் வலுவான தோட்டாவைப் போட்டு எச்3 நிற்கிறது என்று மகிழ்ந்தால், அழுக்கேறிய நாளில் சிக்கும். எம்4-இல் எச், எம்4ஏ1-இல் எச்2 என்று ராணுவம் வைத்திருக்கிறது. 16 அங்குல, கார்பைன் கேஸ் துப்பாக்கிக்கு நான் தொடங்குவதும் எச் அல்லது எச்2-இல்தான்.

நீளத்தையும் பாருங்கள். ஏஆர்-15 கார்பைன் பஃபர் மூன்றேகால் அங்குலம். ஏஆர்-10-க்கான குட்டைப் பஃபர் சுமார் இரண்டரை. தவறிப்போய் அதை மாட்டினால் போல்ட் கேரியர் வேண்டியதைவிடப் பின்னால் போய், கேஸ் கீ கீழ்பாகத்தின் பின்சுவரில் இடிக்கும். அங்கே பள்ளமோ பெயின்ட் உதிர்ந்த அடையாளமோ தெரிந்தால் சுடுவதை நிறுத்திவிட்டு பஃபர், ட்யூப் இரண்டின் அளவையும் சரிபாருங்கள்.

எச்3 வரை போயும் கூடு முன்னால்தான் பறக்கிறது, விளிம்பு கிழிகிறது என்றால் எடை போதும், இனி கேஸைத்தான் குறைக்க வேண்டும். பஃபரால் கேஸைக் குறைக்க முடியாது. வந்துவிட்ட கேஸோடு மல்லுக்கட்ட மட்டும்தான் அதனால் முடியும்.

### திருகி மாற்றும் கேஸ் பிளாக்கை அமைப்பது

எந்த பஃபர், எந்த ஸ்பிரிங் என்று முடிவான பிறகுதான் இதைத் தொட வேண்டும். பிளாக்கை அமைத்த பின் பஃபரை மாற்றினால் எல்லாம் முதலிலிருந்து.

மென்மையான தோட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். பிளாக்கை முழுக்க மூடுங்கள். ஒற்றைத் தோட்டா போட்டுச் சுட்டு, ஒவ்வொரு சொடுக்காகத் திறந்துகொண்டே வாருங்கள். முதலில் ஒன்றும் அசையாது, பிறகு கூடு விழும், அப்புறம் ஒரு கட்டத்தில் போல்ட் பின்னால் நிற்கும். அங்கே நிறுத்தி 5 முறை உறுதிசெய்யுங்கள். அதற்கு மேல் இன்னும் ஒன்றிரண்டு சொடுக்கு திறந்து வையுங்கள். அந்த மிச்சம் அழுக்குக்கும் குளிருக்கும். அதை விடாமல் விளிம்பிலேயே வைத்துவிட்டு, மறுமாதம் சிக்குகிறது என்று வருகிறவர்கள் நிறைய.

பிளாக் சூட்டில் தோலை உரித்துவிடும், கையுறை போடுங்கள். துடைக்கும்போதெல்லாம் திருகை முன்னும் பின்னும் சுற்றி, எண்ணிவைத்த இடத்திலேயே திரும்ப விடுங்கள். இல்லையென்றால் கரி ஏறி ஒரு நாள் அசையாமல் ஒட்டிக்கொள்ளும்.

வீட்டுப் பாதுகாப்புக்கென்று வைத்திருக்கும் துப்பாக்கியில் இதைப் போடுவதை நான் ஆதரிப்பதில்லை. அங்கே சரியான துளை உள்ள குழல், திருகி மாற்ற முடியாத சாதாரண பிளாக், எச் அல்லது எச்2 பஃபர் போதும். போட்டிக்காரர்களுக்கும் சப்ரெசர் (குழல் நுனியில் மாட்டும் சத்தம் குறைப்பான்) வைத்திருப்பவர்களுக்கும்தான் இது உண்மையில் உதவும்.

## அறிகுறி: சப்ரெசர் போட்டதும்தான் கெடுகிறது

கழற்றினால் நன்றாக ஓடுகிறது, போட்டால் முகத்தில் புகை, முன்னால் பறக்கும் கூடு, சில நேரம் சிக்கல். கேஸ் வெளியேற வழியில்லாமல் திரும்பி வருவதுதான் இது. சப்ரெசர் அனுமதிக்கப்பட்ட மாநிலத்தில், முறையான பதிவோடு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

பஃபரை ஒரு படி ஏற்றிப் பாருங்கள். எப்போதும் சப்ரெசரோடுதான் சுடுவீர்கள் என்றால் பிளாக்கை அதோடு வைத்து அமையுங்கள். இரண்டு விதமாகவும் சுடுவீர்கள் என்றால் சப்ரெசர் இல்லாமல் மென்மையான தோட்டாவில் நிற்கும்படி அமைத்து, போட்டால் கொஞ்சம் கூடுதலாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அல்லது இரண்டு நிலைகளுக்கும் எத்தனை சொடுக்கு என்று குறித்துவைத்து மாற்றுங்கள். புகை மட்டும்தான் தொந்தரவு என்றால் எடை ஏற்றி அது போகாது.

முதல் குண்டுக்கு முன், சப்ரெசரின் வாயும் குழலும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று சோதிக்கும் கம்பியை விட்டுப் பாருங்கள். கோணலாக இருந்தால் சுடாமல் கன்ஸ்மித்திடம் போங்கள்.

## அறிகுறி: போல்ட் கடைசிக் கொஞ்சம் மூடாமல் நிற்கிறது

கேஸ் பிரச்சினை என்று பலர் நினைப்பார்கள், பெரும்பாலும் இல்லை. அழுக்கு சேம்பர், காய்ந்த போல்ட், தளர்ந்த ஸ்பிரிங், அளவு சரியில்லாத தோட்டா, இந்த வரிசையில் பாருங்கள். பக்கவாட்டுப் பொத்தானை அடித்து அடித்து மூடாதீர்கள். உள்ளே போக மறுக்கும் தோட்டாவை வெளியே எடுத்து, ஏன் மறுக்கிறது என்று பாருங்கள். வேறு பெட்டித் தோட்டாவும் அதே மாதிரி நின்றால் சேம்பரை அளக்கக் கொடுக்க வேண்டும்.

முழுக்க மூடியும் பிரைமரில் லேசான குழி மட்டும் விழுந்து வெடிக்கவில்லை என்றால், விசைப் பகுதியில் மெல்லிய ஹேமர் ஸ்பிரிங் மாற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். மாற்றியிருந்தால் முழு வலு ஸ்பிரிங்கைத் திரும்பப் போடுங்கள்.

## அறிகுறி: ஒரு முறை அழுத்தினால் இரண்டு வெடிக்கிறது

இதற்குச் சோதனை எதுவும் இல்லை. மேகசினைக் கழற்றி, சேம்பரைக் காலிசெய்து, துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, நேராக கன்ஸ்மித்திடம் கொண்டு போங்கள். விசைப் பகுதி தேய்ந்தோ தவறாகப் பொருத்தப்பட்டோ இருக்கும். "இன்னொரு முறை செய்கிறதா பார்ப்போம்" என்று ஏற்ற வேண்டாம். கட்டுப்பாடு இல்லாமல் பாயும் இரண்டாவது குண்டு எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. பஃபரை மாற்றி இதைச் சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

## கன்ஸ்மித்திடம் போகும்போது

குழலின் துளை, ஹெட்ஸ்பேஸ், டேப்பர் பின் அடித்த பிளாக், விரிசல் விட்ட போல்ட் லக் (போல்ட்டின் முன்பற்கள்), உள்ளே குண்டு மாட்டிய குழல், விசைப் பகுதி. இவை ஒன்றுக்கும் வீட்டுக் கருவி போதாது. போல்ட்டின் பற்களில் மயிரிழை விரிசல் ஒன்று தெரிந்தால்கூட அந்த போல்ட்டைத் திரும்ப மாட்டாதீர்கள்.

போகும்போது துப்பாக்கியை மட்டும் கொண்டு போகாமல் நீங்கள் சுட்ட தோட்டாப் பெட்டி, சிக்கியபோது மேலே இருந்த மேகசின், பொறுக்கிய பத்துப் பன்னிரண்டு கூடுகள், எதை எப்போது மாற்றினீர்கள் என்று குறித்த தாள், கழற்றி வைத்த பழைய பஃபரும் ஸ்பிரிங்கும், இத்தனையும் எடுத்துப் போங்கள். கூடுகளின் அடிப்பாகத்தைப் பார்த்தே நல்ல கன்ஸ்மித் பாதி சொல்லிவிடுவார். மிச்சத்தைத் தாள் சொல்லும்.